ஜன்னலை மாத்தறதுக்கு முன்னாடி ஓட்டையை அடைங்கப்பா!

நம்ம ஆளுங்க அமெரிக்காவுல வீடு வாங்கப் போனா என்னென்ன பாக்கறாங்க? வாசல் கிழக்கு பாத்திருக்கா, அடுப்பு அக்னி மூலையில வருதா, கிச்சன்ல கிரானைட் மேடை இருக்கா, ஸ்கூல் ரேட்டிங் என்ன, இந்தியன் கடை எத்தனை மைல். எல்லாம் சரிதான், குத்தம் சொல்லலை. ஆனா அட்டிக்குக்கு ஏணி போட்டு ஏறி, அங்கே எத்தனை இஞ்ச் இன்சுலேஷன் கிடக்குன்னு பாத்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். (அட்டிக்னா சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கற இடம். நம்ம ஊர் பரண் மாதிரி, அண்டா குண்டா மட்டும் இருக்காது.)

சான் டியாகோ பக்கம் இருக்கற புண்ணியவான்கள் இதோட வேற பதிவுக்குப் போயிடலாம். நான் இருக்கற மினசோட்டா கதையே வேற. 2019 ஜனவரி 30 அன்னிக்கு மினியாபொலிஸ்ல மைனஸ் 28 ஃபாரன்ஹீட். நம்ம கணக்குல மைனஸ் 33 டிகிரி. அதே ஊர்ல ஜூலை மாசம் 35 டிகிரி அடிக்கற நாளும் உண்டு, கூடவே மெட்ராஸ் மாதிரி கசகசப்பு. ஒரே சுவர், ஒரே கூரை, கிட்டத்தட்ட 70 டிகிரி வித்தியாசத்தைத் தாங்கணும்.

இப்படிப்பட்ட ஊர்ல வீட்டுக்குக் காசு செலவழிக்கறதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல காத்து போற ஓட்டையை அடைக்கணும். ரெண்டாவது அட்டிக்ல இன்சுலேஷன் ஏத்தணும். ஜன்னல் மாத்தறது கடைசி. நம்ம மக்கள் அப்படியே தலைகீழா பண்றாங்க. ஏன்? ஜன்னல் விக்கறவர் வீடு தேடி வர்றார். கோட்டு சூட்டோட, கையில சாம்பிள் கண்ணாடியோட, "இன்னிக்கே கையெழுத்து போட்டா தள்ளுபடி"ன்னு சிரிச்சுக்கிட்டே வர்றார். ஓட்டையை அடைக்கறதுக்கு அந்த மாதிரி யாரும் கதவைத் தட்டறதில்லை. நண்பர் ஒருத்தர் வீடு முழுக்க ஜன்னல் மாத்தினார். அந்தக் காசுக்கு ஒரு கார் வாங்கியிருக்கலாம். அடுத்த ஜனவரியில அவர் வீட்டு மாடி ரூம் அதே மாதிரி ஜில்லுன்னுதான் இருந்தது.

கணக்கைப் பாப்போம். இன்சுலேஷனை ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர்ல அளக்கறாங்க. நம்பர் கூடினா சூடு கடக்கறது குறையும். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் ஆளாளுக்கு இன்சுலேஷன் விக்கக் கிளம்பி, வாய்க்கு வந்ததைச் சொல்லவும், 1979ல அமெரிக்க அரசாங்கமே இந்த நம்பரை ஒழுங்கா சோதிச்சுத்தான் சொல்லணும்னு விதி போட்டது. சாதாரண ரெட்டைக் கண்ணாடி ஜன்னல் ஆர் 2. ஒசத்தியான மூணு அடுக்குக் கண்ணாடி சுமார் ஆர் 5. பழைய வீட்டு அட்டிக்ல நாலு இஞ்ச் பஞ்சு கிடந்தா 11, 12 வரும். இங்கே புது வீட்டு அட்டிக்குக்கு விதிப்படி 49 வேணும். அதாவது ஜன்னல்ல அவ்வளவு காசைக் கொட்டியும் கிடைக்கறது மூணு நம்பர். அட்டிக்ல அதுல ஒரு சின்னப் பங்கு செலவழிச்சா முப்பத்தேழு. அதுவும் வீட்டோட மொத்தப் பரப்புக்கும்.

ஆனா பஞ்சை மட்டும் கொட்டினாலும் பிரயோஜனமில்லை. பஞ்சு சூட்டைத் தடுக்குமே தவிர காத்தை நிறுத்தாது. சூடான காத்து மேல ஏறும், இது ஸ்கூல்லயே படிச்சதுதான். லைட் மாட்டின ஓட்டை, ஒயர் போற ஓட்டை, அட்டிக் மூடியோட இடுக்கு, இது வழியா எல்லாம் அது மேல ஓடுது. போன காத்துக்கு ஈடா கீழே பேஸ்மெண்ட் விளிம்பு வழியா பச்சைத் தண்ணி மாதிரி குளிர்காத்து உள்ளே வருது. நீங்க ஜன்னல் பக்கத்துல உக்காந்து "ஜன்னல் வழியா குளிருது"ன்னு நினைச்சுக்கறீங்க. போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு காலை வெளிய நீட்டின கதை.

மேல போன சூடு சும்மா போகுதா? கூரை மேல இருக்கற பனியை அடியிலிருந்து உருக்குது. அந்தத் தண்ணி வழிஞ்சு, சூடு எட்டாத கூரை ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைஞ்சு அணை கட்டுது. பின்னாடி தேங்கற தண்ணி ஷிங்கிள் அடியில பூந்து சீலிங்ல மஞ்சள் மஞ்சளா படம் வரையும். நம்மாளு கூரைக்காரரைக் கூப்பிடுவார். கூரை மேல தப்பே இல்லைங்க, தப்பு கீழே இருந்து போற காத்துல.

இன்னொரு விஷயம் ஈரம். குளிர்காலத்துல வீட்டுக்குள்ள இருக்கற ஈரம் வெளியே போகப் பாக்கும். நம்ம வீட்டுல இட்லி வேகற ஆவி, சாம்பார் கொதிக்கற ஆவின்னு ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. கோடையில அப்படியே உல்டா. வெளி ஈரம் ஏசி போட்ட வீட்டுக்குள்ள வரப் பாக்கும். சுவருக்குள்ள எங்கே குளிர்ந்த பரப்பு சிக்குதோ அங்கே தண்ணியாகி, நாளாவட்டத்துல மரம் உளுத்துப் போகும். அதனாலதான் இந்த ஊர்ல காத்தோட்டத்தை நிறுத்தறது காசு மிச்சப்படுத்தற சமாச்சாரம் மட்டும் இல்லை, வீட்டோட ஆயுசு சம்பந்தப்பட்டது.

இது ஒண்ணும் என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை சாமி. கனடாவுல ரெஜினான்னு ஒரு ஊர், எங்க ஊரை விடக் குளிர். அங்கே 1977ல ஹெரால்ட் ஓர் அப்படின்னு ஒரு எஞ்சினியரும் அவர் கூட்டாளிகளும் சாஸ்காட்செவன் கன்சர்வேஷன் ஹவுஸ்னு ஒரு வீடு கட்டினாங்க. ஒரு அடி தடிமன்ல சுவர், கூரைக்கு ஆர் 60, எல்லா இடுக்கையும் அடைச்சாச்சு. வெளியே போற காத்தோட சூட்டை உள்ளே வர்ற காத்துக்கு மாத்திக் குடுக்க ஒரு பொட்டி. ஃபர்னஸே கிடையாது! கூரையில பளபளன்னு வச்ச சோலார் சாதனங்களைப் பின்னாடி கழட்டிட்டாங்க. அடைச்ச ஓட்டையும் தடிச் சுவரும்தான் நின்னு வேலை செஞ்சது. 1991ல ஜெர்மனியில டார்ம்ஸ்டாட்ல வந்த முதல் பாசிவ் ஹவுஸுக்கு இதுவும் ஒரு முன்னோடி.

உடனே ஃபோம் டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஓடாதீங்க. நாலு எச்சரிக்கை:

1. வீட்டை இறுக்கினா ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் புகை வெளியே போகாம வீட்டுக்குள்ளயே திரும்பலாம். கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துடும். சோதிச்சுப் பாக்கணும், அலாரம் கட்டாயம்.

2. பழைய அட்டிக்ல கூழாங்கல் மாதிரி மினுமினுன்னு வெர்மிகுலைட் இருந்தா கையை வைக்காதீங்க. 1990 வரைக்கும் மொன்டானாவுல லிபி சுரங்கத்திலேர்ந்து வந்ததுல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கு.

3. பாத்ரூம் ஃபேன் குழாய் அட்டிக்ல முடியக் கூடாது, வெளியே போகணும்.

4. புகைக்குழாயைச் சுத்தி சாதாரண ஃபோம் அடிக்கக் கூடாது. தகடும் சூடு தாங்கற பூச்சும்தான்.

முதல் வேலையா எனர்ஜி ஆடிட் வைங்க. வாசக்கதவுல ஒரு பெரிய ஃபேனை மாட்டி காத்தை உறிஞ்சுவாங்க. வீடு எங்கெங்கே ஒழுகுதுன்னு கையை நீட்டினாலே தெரியும். இங்கே கரண்ட், கேஸ் கம்பெனிகளே கம்மி கட்டணத்துல ஏற்பாடு பண்றாங்க. இந்த மாதிரி வேலைக்கு மத்திய அரசு குடுத்த 30 சதவீத வரிச்சலுகை 2025 டிசம்பர் 31ஓட முடிஞ்சுபோச்சு. கைக்காசுதான்னு ஆனப்புறம் வரிசையை மாத்திச் செலவழிக்கறது இன்னும் பெரிய தண்டம்.

கடைசியா என் ஆதங்கம். மினியாபொலிஸ் நகரத்துக்குள்ள 2020லேர்ந்து வீடு விக்கறவங்க அட்டிக்லயும் சுவர்லயும் இன்சுலேஷன் எவ்வளவுன்னு அறிக்கை காட்டணும். நம்மாளுங்க வீடு வாங்கற புறநகர்கள்ல பெரும்பாலும் அந்த விதி இல்லை. அதனால விக்கறவர் கிரானைட்டைக் காட்டுவார், நாமளும் கிரானைட்டைத் தட்டிப் பாத்துட்டு முப்பது வருஷக் கடன்ல கையெழுத்து போடுவோம். இந்த விதி எல்லா ஊருக்கும் வரணும். வர்ற வரைக்கும் நாமளே கேப்போம். "அட்டிக்ல எத்தனை இஞ்ச்?" ஒரே கேள்வி, காசு செலவில்லை. வாஸ்து பாக்கறதோட சேத்து இதையும் பாத்துடுங்க.

உங்க ஊர்ல எப்படி? டொரான்டோ, சிகாகோ மக்கள் பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: நான் காண்ட்ராக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். ஜன்னல் கம்பெனி மேல எனக்கு வாய்க்கா தகராறு எதுவும் கிடையாது. ஜன்னல் உளுத்துப் போயிருந்தா தாராளமா மாத்துங்க!