பாசறைக்கு வந்தவர்

எங்கள் பனமலையில் ஏரிக்கரை ஓரமாக ஓர் ஆயா இருக்கிறாள். மகன் பட்டாளத்தில். சில வருஷங்களுக்கு முன் ஒரு தீபாவளியன்று, வீட்டில் சுட்ட அதிரசத்தில் நாலைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். ஆயா டெலிவிஷன் பெட்டியின் மேல் கிட்டத்தட்டச் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் பிரதம மந்திரி சிப்பாய்களுக்குத் தம் கையால் மிட்டாய் ஊட்டிக்கொண்டிருந்தார். ஆயா அவரைப் பார்க்கவில்லை. வாய் திறந்து மிட்டாய் வாங்கிய முகங்களை ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"எம் புள்ள இருக்கிற எடத்துக்குத்தான் வந்திருக்காராம் ஐயா. அவனத் தவிர எல்லாத்தையும் காட்டுறாங்க."

இரவு மகனிடமிருந்து போன் வந்தது. அவனும் அங்கேதான் இருந்திருக்கிறான். மிட்டாய் வைபவம் நடந்த நேரத்தில் நாலு பேரோடு மேட்டின்மேல் காவல். முகம் எல்லைப் பக்கம், முதுகு காமிராப் பக்கம். "யாராவது ஒருத்தன் நிக்கணும் இல்லம்மா" என்றானாம்.

இதை நான் ஒரு கதைபோலச் சொன்னதும் என் நண்பரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. "போனால் விளம்பரம் என்கிறீர். போகாவிட்டால் அலட்சியம் என்பீர். தீபாவளியன்று பேரன் பேத்திகளோடு இருக்க வேண்டிய வயதில் ஒருவர் பனிமலை ஏறினால், அதற்கும் உமக்கு ஒரு நொட்டையா? நீர் போவீரா ஐயா?"

நான் போகமாட்டேன். விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போவதற்கே எனக்கு இரண்டு நாள் யோசனை வேண்டும். ஆனால் வழக்கு என்னைப் பற்றியதல்ல. தலைவர் பாசறைக்குப் போகக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும். தமிழன் அதைச் சொல்லி இரண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது.

நெடுநல்வாடையை நினைத்துப் பாருங்கள். வாடைக் காற்று. நடு இரவு. தூறல் நிற்கவில்லை. பாசறை விளக்குகள் காற்றில் சாய்ந்து எரிகின்றன. தூங்காத அரசன் கூடாரத்தைவிட்டு வெளியே வருகிறான். நழுவும் மேலாடையை ஒரு கை பிடித்திருக்கிறது. மற்றொரு கை ஓர் இளைஞன் தோளில். வேப்பம்பூக் கட்டிய வேலை வைத்துக்கொண்டு ஒருவன் முன்னே நடந்து, இவன் இன்னான், இவனுக்குப் பட்ட காயம் இது என்று வரிசையாகக் காட்டுகிறான். அரசன் முகம் மலர்ந்து ஒவ்வொருவனையும் பார்க்கிறான். கூட வந்தவர்கள் சிலர்தான் என்று நக்கீரர் கணக்கும் சொல்லிவிடுகிறார்.

தலைமையாசிரியர் லேசுப்பட்டவரல்லர். "அப்படியானால் நக்கீரர்தான் அந்தக் காலத்துக் காமிரா! அவர் பாடியது மட்டும் விளம்பரமில்லையோ?" என்றார்.

நல்ல கேள்வி. நானும் ஒரு நிமிஷம் திகைத்தேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நக்கீரர் அந்த அரசனின் பெயரைப் பாட்டுக்குள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. வேலில் கட்டிய வேம்பு பாண்டியர் பூவாயிற்றே என்று பிடித்துக்கொண்டு, இது அகமா புறமா என்று உரையாசிரியர்கள் சண்டை போட்டார்கள். பெயர் சொல்லாத விளம்பரம் உண்டா? சோப்புக் கம்பெனிக்காரனைக் கேட்டுப் பாருங்கள்.

எல்லா அரசர்களும் அப்படி இருந்தார்கள் என்று நான் கதைவிடப் போவதில்லை. எங்கள் குன்றின்மேல் இருக்கும் தாளகிரீஸ்வரர் கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ராஜசிம்ம பல்லவன், தன் குலப் பெருமையைச் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறான். அவனுக்காக வாள் எடுத்தவன் ஒருவன் பெயரும் அதில் கிடையாது. சிப்பாயின் பெயர் வேண்டுமென்றால் மேற்கே செங்கம் பக்கம் போய் நடுகல்லைப் பார்க்க வேண்டும். மாட்டைக் கவர வந்தவர்களோடு மல்லுக்கட்டிச் செத்தவனின் பெயர், ஊர், அவன் யாருடைய சேவகன் என்பதெல்லாம் கல்லில் இருக்கும். அங்கேயும் முதல் வரி யாருடையது தெரியுமா? இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு என்று ராஜாவின் பெயர்தான் முன்னே வருகிறது. செத்தவன் பின்னால் வருகிறான். ஆக, படத்தின் நடுவில் தலைவர் நிற்பது நேற்று வந்த வழக்கமல்ல. ஆனாலும் கல்வெட்டியவன் செத்தவனுடைய உருவத்தைத்தான் கல்லில் செதுக்கினான். ராஜாவின் உருவத்தைச் செதுக்கவில்லை. நம் காலத்தில் அந்த மரியாதையும் போய்விட்டது.

சரி, என் வழக்குக்கு வருகிறேன். பாசறைக்கு வந்தவர் சிப்பாய்க்கு என்ன கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. அங்கிருந்து டில்லிக்கு என்ன கொண்டுபோனார் என்றுதான் கேட்கிறேன். வந்தது விளம்பரமா இல்லையா என்பதை அன்றைக்கே சொல்ல முடியாது. ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2014 அக்டோபர் 23 தீபாவளி. பிரதம மந்திரி மோடி சியாச்சினுக்குப் போனார். நாடு பார்த்தது, மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன். அடுத்த தீபாவளி 2015 நவம்பரில் வந்தது. அவர் பஞ்சாப் எல்லைக்குப் போனார். படம் வந்தது. அதே நவம்பரில் இன்னொன்றும் தொடங்கியிருக்கிறது. அது நமக்கு 2020 பிப்ரவரியில், மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை பார்லிமெண்டில் வைக்கப்பட்டபோதுதான் தெரிந்தது. உயரமான பனிப் பிரதேசங்களில் இருந்த சிப்பாய்களுக்கு 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை அதற்கென்று உள்ள பூட்ஸ் வரவில்லை. பழைய பூட்ஸைச் சரிசெய்து மறுபடி மாட்டிக்கொண்டார்கள். பனியின் ஒளியில் கண் கெடாமலிருக்கப் போடும் கண்ணாடியில் 62 முதல் 98 சதவீதம் வரை குறைபாடு. சாப்பாட்டுக் கதை இன்னும் விசித்திரம். உரிய பண்டம் இல்லாதபோது மாற்றுப் பண்டத்தை விலைக்கு விலை சரிக்கட்டிக் கொடுத்தார்கள். மாற்றுப் பண்டம் விலை கூடுதல், ஆகவே தட்டில் விழுந்தது குறைவு. கலோரிக் கணக்கில் 82 சதவீதம் வரை அடிபட்டதாக அறிக்கை சொல்லிற்று. அதெல்லாம் பழைய கணக்கு, இப்போது குறையில்லை என்று ராணுவத் தரப்பில் பதில் சொன்னார்கள். குறையில்லையென்றால் சந்தோஷம். ஆனால் பழைய கணக்கின் நாட்களில் எடுத்த படங்களும் பழைய படங்கள்தானே? அவற்றை மட்டும் ஏன் இன்னும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம்?

அந்தப் பதினோரு மாதத்துக்குள்தான் 2016 பிப்ரவரி 3 வருகிறது. சியாச்சினில் பனிச்சரிவு. மதராஸ் ரெஜிமெண்டின் பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறு நாள் பனிக்கடியில் உயிரோடு கிடந்த ஒருவரைத் தோண்டி எடுத்து டில்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிரதம மந்திரி போய்ப் பார்த்தார். அவரும் பிப்ரவரி 11-ஆம் தேதி போய்விட்டார். பனிச்சரிவுக்கும் பூட்ஸுக்கும் சம்பந்தமில்லை, நான் முடிச்சுப் போடவில்லை. சிப்பாய் அங்கே எதை எதிர்கொண்டு நிற்கிறான் என்பதற்காகச் சொன்னேன். அப்படி நிற்பவனுக்குப் பூட்ஸ் வரவில்லை என்பது டில்லியில் யாருடைய மேஜைமேல் தூங்கியது?

இந்த மேஜைத் தூக்கத்துக்கு ஒரு மருந்து உண்டென்று காட்டியவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். அவரிடம் எனக்கு வேறு சண்டைகள் ஆயிரம் உண்டு, அது கிடக்கட்டும். 1998-இல் ராணுவ மந்திரியானவர் சியாச்சினுக்குப் பலமுறை போனார். பனியில் ஓடும் ஸ்கூட்டர் வாங்கும் பைலை மந்திரிசபைக் கட்டிடத்தில் அதிகாரிகள் ஆட்சேபம் எழுதி எழுதி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், அந்த அதிகாரிகளையே சியாச்சினுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி அனுப்பினார். அவர் போனபோதும் காமிரா போயிற்று, சந்தேகமில்லை. ஆனால் பைல் நகர்ந்தது. 1965 யுத்தம் நின்றபின் டாங்கியின்மேல் ஏறி நின்ற வேட்டி கட்டிய லால்பகதூர் சாஸ்திரியின் படத்தையும் நான் விளம்பரம் என்று சொல்லமாட்டேன். வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்கள் என்று அவர் நாட்டைக் கேட்டபோது, தம் வீட்டில் முதலில் விட்டுப் பார்த்தவர்.

2020 ஜூன் 15-இல் கல்வானில் இருபது பேர் மாண்டார்கள். அவர்களில் ஒரு ஹவில்தார் நம் ராமநாதபுரம் ஜில்லாக்காரர். பதினெட்டாம் நாள், ஜூலை 3-இல், பிரதம மந்திரி லடாக்கில் நிமுவுக்குப் போனார். சீனாவுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் படம் வேண்டிய படம், அதில் எனக்கு ஆட்சேபமில்லை. சிப்பாய்களிடம் படைமாட்சி அதிகாரத்திலிருந்து ஒரு குறளையும் சொன்னார். வீரம், மானம், நல்வழி, தெளிவு என்ற நாலும் படைக்குக் காவல் என்ற குறள் அது. அதே அதிகாரத்தில் மூன்று குறள் தள்ளிப் போயிருந்தால், சிறுத்துப் போவதும், நீங்காத மனக்கசப்பும், வறுமையும் இல்லாத படைதான் வெல்லும் என்று வள்ளுவர் சொல்லியிருப்பதும் கிடைத்திருக்கும். அது சிப்பாய்க்குச் சொல்ல வேண்டிய குறளல்ல. சொல்பவர் தமக்கே சொல்லிக்கொள்ள வேண்டியது.

அன்றே லே ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களைப் பார்த்தார். படம் வெளியான சில மணி நேரத்தில் ஒரு கூச்சல் கிளம்பிற்று. இது ஆஸ்பத்திரியே அல்ல, கூட்ட மண்டபம். மருந்து அலமாரி எங்கே, குளுக்கோஸ் கம்பி எங்கே, எல்லாம் நாடகம் என்றார்கள். மறுநாள் ராணுவம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. கொள்ளைநோய்க் காலத்துக்காகப் பயிற்சி மண்டபத்தைக் கட்டில் போட்டு வார்டாக மாற்றியிருக்கிறோம், வீரர்கள் அங்கேதான் இருந்தார்கள் என்று சொன்னார்கள். அது உண்மை. கூச்சலிட்டவர்கள் வெட்கப்பட வேண்டும். ஆனால் அவர்களுக்கு அப்படிச் சந்தேகிக்கக் கற்றுக் கொடுத்தது யார்? வருஷக்கணக்காக நேர்த்தியான வெளிச்சத்தில் நேர்த்தியான கோணத்தில் படம் பார்த்துப் பார்த்து, நிஜமான படுக்கையில் நிஜமான காயத்தோடு படுத்திருந்தவனையும் வேஷக்காரன் என்று நினைக்கும் அளவுக்கு நம் கண் கெட்டுப்போயிற்று. அமெரிக்காவிலும் இதே கதைதான். 2003 நவம்பரில் ஜனாதிபதி புஷ் பாக்தாத் பாசறையில் ஏந்தி நின்ற வான்கோழி நிஜமான வான்கோழிதான், அலங்காரத்துக்கு வைத்தது. சிப்பாய்கள் சாப்பிட்டது வேறு பாத்திரத்திலிருந்து. பிளாஸ்டிக் கோழி என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். விளம்பரத்தின் செலவு இதுதான். தலைவர் சம்பாதிக்கிறார், கடன் சிப்பாயின் பேரில் ஏறுகிறது.

இன்னொன்று. ராணுவ விதிகளின்படி சிப்பாய் ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் போகக்கூடாது, அரசியல் பேசக்கூடாது. நியாயமான விதி. ஆனால் அவன் கட்சிக் கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் அவன் படம் போகிறதே! பாசறையில் எடுத்தது சர்க்கார் படம். அதுவே தேர்தல் சுவரொட்டியில் ஏறினால் கட்சிப் படம். ராணுவத்தார் படங்களைப் பிரசாரத்தில் உபயோகிக்காதீர்கள் என்று தேர்தல் கமிஷன் 2013 டிசம்பரில் சொல்லி, 2019 மார்ச்சில் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. சொன்ன சில நாளில், விமானி ஒருவரின் முகம் போட்ட சுவரொட்டியை அகற்றும்படி பேஸ்புக்குக்கும் சொல்ல வேண்டி வந்தது. கைகுலுக்க மாட்டேன், என்னைப் படம் எடுக்காதே என்று தலைவரிடம் சொல்ல நம் ஊர் டீக்கடைக்காரனால் முடியும். சிப்பாயால் முடியாது.

போகாமலிருப்பதும் படமாகும் என்பதைத் தமிழ்நாடு அறியும். 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசி அணி இலங்கையிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்துத் தமிழர் பட்ட துன்பத்தைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது; அந்தத் துன்பம் பொய்யல்ல. ஆனால் படையை அனுப்பிய உத்தரவு டில்லியில் எழுதப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அங்கே விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அந்தப் பேனாவின்மேல் அதிகாரமில்லை. டில்லியோடு உள்ள கணக்கைத் துறைமுகத்தில் தீர்த்ததும் சிப்பாயை வைத்துச் செய்த அரசியல்தான். தலைமையாசிரியர் இதை மட்டும் மறுக்கவில்லை, ஆமோதிக்கவுமில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர்களுக்கு என்னிடம் ஓர் யோசனை உண்டு. போங்கள். முன்னறிவிப்பில்லாமல் போங்கள், மூன்று நாள் முன்பே கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலையாவது அவனுக்கு மிஞ்சும். அதிகாரி பக்கத்தில் இல்லாமல் அரை மணி நேரம் உட்காருங்கள். என்ன குறை கேட்டீர்கள், ஆறு மாதத்தில் எது தீர்ந்தது என்று ஒரு காகிதத்தைப் பார்லிமெண்டில் வையுங்கள். ராணுவ ரகசியம் ஏதுமிருந்தால் அதை மட்டும் மறைத்துக்கொள்ளுங்கள், பூட்ஸ் ரகசியமல்ல.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை எதிர்த் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் எங்கள் ஊர் ஹவில்தார். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து இப்போது கரும்பு வைத்திருக்கிறார். "நீ சொல்லு தம்பி, உன்னை யாராவது வந்து பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் வந்தாரு சார். நல்ல குளிரு. எல்லாருக்கும் கை குடுத்தாரு. மத்தவங்கல்லாம் கையுறையோட குடுப்பாங்க. இவரு கழட்டிட்டுக் குடுத்தாரு."

"யார் அது?"

ஹவில்தார் கொஞ்ச நேரம் யோசித்தார். "மந்திரிதான். பேரு வர மாட்டேங்குது."

"படம் எடுத்தார்களா?" என்றார் தலைமையாசிரியர்.

"எடுத்தாங்க சார். பேரு, நம்பர் எல்லாம் எழுதிக்கிட்டாங்க, ஊட்டு விலாசத்துக்கு ஒரு காப்பி அனுப்பறோம்னு. எங்க நைனா சாவற வரைக்கும் தபால்காரரைக் கேட்டுக்கினே இருந்தாரு."