மேலிருந்து பார்த்தால் வட்டம்

இலங்கையின் தெமோதரை ரயில் வளையத்தை நேர் உச்சியிலிருந்து ட்ரோன் எடுத்த படங்கள்தான் கைபேசிகளில் அதிகம் சுற்றுகின்றன. பச்சை மலைக்கு நடுவே வட்டமாக ஒரு கோடு, அதில் ஊர்ந்து போகும் நீல ரயில். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வளையத்தை எதற்காகப் போட்டார்களோ அது மட்டும் படத்தில் இருக்காது. உயரத்தைச் சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து பதுளை போகும் ரயில், எல்லவைத் தாண்டி தெமோதரை நிலையத்தில் நிற்கிறது. கிளம்பியதும் மலையைச் சுற்றி இறங்கி ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. சற்று முன் நின்ற அதே நிலையம் இப்போது தலைக்கு மேலே. 44 அடி ஓடினால் 1 அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது அந்தப் பாதைக்கு வைத்த கட்டு. 30 அடி இறங்குவதென்றால்கூட 1,320 அடி தண்டவாளம் வேண்டும். அவ்வளவு நீளத்தை நேராகப் போட மலையில் இடம் ஏது? வளைத்துக் கொண்டுவந்து அடியிலேயே நுழைத்துவிட்டார்கள். நம் நீலகிரி ரயில் இந்தச் சங்கடத்தை வேறு மாதிரி தீர்த்தது. அது ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி ஏறுகிறது. நடுவில் பதித்த பல் தண்டவாளத்தை இன்ஜினின் பல் சக்கரம் கவ்விக்கொள்ளும்.

ஸ்பிரிங்கை நேர் மேலிருந்து பார்த்தால் மோதிரமாகத்தான் தெரியும். சாய்வாகப் பார்த்தால்தான் ஸ்பிரிங். சுவிட்சர்லாந்தின் புருசியோ வளையம் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. 1908இல் திறந்த அந்தப் பாதை, வெட்டவெளியில் ஒன்பது வளைவுள்ள பாலமாகச் சுற்றுகிறது. ரயில் தன் பாலத்துக்கு அடியிலேயே புகுந்து போவது எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் தெரியும். தெமோதரை முக்கியமான இடத்தை மலைக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. அதற்குச் சாய்வுக் கோணம் வேண்டும், நிழல் நீளமாக விழும் காலை வெயில் வேண்டும், நிலையமும் சுரங்க வாயும் ஒரே சட்டகத்தில் வர வேண்டும்.

எங்கள் சாத்தாங்காட்டில் கல்யாண வீடியோவுக்கு ட்ரோன் விடும் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். இங்கே ஒருபுறம் மணலி சுத்திகரிப்பு ஆலை, மறுபுறம் துறைமுகம். நினைத்தபடி பறக்கவிட முடியாத அலுப்பில் இருப்பவர். இலங்கை போகும் ஆசை வேறு. அங்கும் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதால் முகம் வாடியது. "சைடுலேர்ந்து எடுத்தா ஓரத்துல அந்தத் தகரக் கூரை எல்லாம் வருது பாருண்ணா. கட் பண்ணாத்தான் கிளீனா இருக்கும்" என்றார், யாரோ எடுத்த படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே.

தகரக் கூரைகள் லயங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் வரிசை வீடுகள். அந்த மலைகளுக்கு ரயில் போனதே தேயிலை இறங்கி வரத்தான். பண்டாரவளைக்கு 1894இலேயே வந்த பாதை பதுளையைத் தொட 1924 ஆனது. அதற்குள் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் வழி 1914இல் திறந்து, திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்து ஜனங்களைத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. அவர்களின் கூரையை வெட்டிவிட்டு ரயிலை மட்டும் அழகு பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. தம்பிக்கு ஒப்புகிறது, அவர் தொழில் அது.

இந்த வளையத்துக்கு ஒரு கதை உண்டு. சுரங்கத்துக்கும் நிலையத்துக்கும் உயரம் ஒத்துவராமல் பொறியாளர் டி. ஜே. விமலசுரேந்திர தவித்தாராம். அப்போது தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைப் பார்த்து யோசனை பிறந்ததாம். எனக்கு நம்பிக்கை இல்லை. 1880களிலேயே டார்ஜிலிங் ரயில் வளையம் போட்டு மலையேறியாயிற்று; படித்த பொறியாளருக்குத் தலைப்பாகை தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் கதையைத் தள்ள மனம் வரவில்லை. பொறியாளருக்கு அதில் முதலெழுத்தோடு முழுப் பெயர் இருக்கிறது. கங்காணி எந்தத் தோட்டம், எந்த ஊரிலிருந்து கப்பலேறியவர் என்பதற்கு ஒரு சொல் இல்லை.