மனப்பாடம் எழுத்தாகுமா?

நம் பிள்ளைகளின் ஆங்கிலத்திற்காகச் செலவிடப்படும் பணத்திற்குக் குறைவில்லை. ஆங்கில வழிப் பள்ளி, மாலையில் டியூஷன், தேர்வு நெருங்கினால் நோட்ஸ் என்று பெற்றோர் கடன்பட்டும் கொட்டிக் கொடுக்கின்றனர். வளைகுடா வெயிலில் வாடும் தந்தையின் ஊதியமும் இதில் அடக்கம். ஆயினும், ஆங்கிலத்தில் 80 மதிப்பெண் பெற்ற பத்தாம் வகுப்பு மகனை அழைத்து, 'நம் தெருவுக்குக் குடிநீர் வரவில்லை. நகராட்சி ஆணையாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுது' என்று சொல்லிப் பாருங்கள். பேனா நகராது!

ஏன்? அவன் இதுவரை எழுதியவை யாவும் பிறருடைய வாக்கியங்கள். நோட்ஸில் உள்ள கட்டுரையை உருப்போட்டான், விடைத்தாளில் இறக்கி வைத்தான், மறந்தான். இதற்கா இத்தனை செலவு?

'மனப்பாடம் நம் மரபல்லவா? திருமறை முழுவதையும் நெஞ்சில் சுமக்கும் ஹாபிழ்கள் நம்மிடையே இல்லையா?' என்று வாதிடுவோர் உண்டு. இருக்கிறார்கள், அவர்களால் நாம் பெருமையடைகிறோம். ஆனால், இறைவனின் சொல்லில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்பதற்காகவே அது மனனம் செய்யப்படுகிறது. மாணவன் தன் நண்பனுக்கு எழுதும் கடிதமும் மாறக்கூடாத வேதமா? அத்திருமறையின் 68-ஆவது அத்தியாயத்தின் பெயரே 'அல்கலம்', அதாவது எழுதுகோல். அந்த எழுதுகோலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, அவன் சிந்தனையைப் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

பிழை வருமே என்று அஞ்சுகிறோம். வரத்தான் செய்யும். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வந்துவிடும். 'ஏ', 'தி' போன்ற சுட்டுச் சொற்களுக்கு நிகரானவை நம் மொழியில் அவ்வாறே இல்லை. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் நினைக்கும் பிள்ளை, 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின் வேண்டாத 'அபவுட்'டைச் சேர்க்கிறான். இவை அறிவீனமல்ல, ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும்போது ஏற்படும் இடறல்கள். எழுதினால்தான் இவை வெளிப்படும். வெளிப்பட்டால்தான் திருத்த முடியும். உருப்போட்ட கட்டுரையோ பிழையை மறைக்கிறது, போக்குவதில்லை.

ஆங்கிலம் கற்கலாமா என்று சமுதாயத்தில் பலர் தயங்கிய காலத்தில், 1875-இல் அலிகாரில் கல்விக்கூடம் கண்ட ஸர் ஸையித் அஹ்மத் கான் சுமந்த ஏச்சுகள் கொஞ்சமா? அந்தத் தயக்கம் இன்று நம்மிடம் இல்லை. அன்று வெறுத்து இழந்தோம். இன்று விலை கொடுத்தும் இழக்கிறோம்!

செய்ய வேண்டியது எளிது. நாள்தோறும் ஐந்து வாக்கியங்களைப் பிள்ளை தானாக எழுதட்டும். அன்று பெய்த மழை, வீட்டுக்கு வந்த விருந்தினர், நோன்புக் கஞ்சி காய்ச்சிய விதம் என எதுவாயினும் சரி. ஆங்கிலம் அறியாத தாயும் இதற்கு உதவலாம்: 'நீ சொல்ல வருவது என்ன?' என்று தமிழில் கேட்டால் போதும். எண்ணம் தெளிந்தால் வாக்கியமும் தெளியும். ஆசிரியர் தாள் முழுவதும் சிவப்பு மை பூசாமல், ஒரு முறைக்கு ஒன்றிரண்டு வகைப் பிழைகளை மட்டும் சுட்டி, மீண்டும் எழுதச் செய்யட்டும். எழுதியதைப் பிள்ளை உரக்கப் படித்துப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தப்பிய பிழை பல வேளை காதில் சிக்கும்.

நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளின் நிர்வாகிகளே, தேர்ச்சி விழுக்காட்டை விளம்பரப் பலகையில் எழுதுவதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. உங்கள் மாணவன் சொந்தமாக எழுதிய ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். அதுவே உங்கள் பள்ளியின் உண்மையான தேர்ச்சி.