பிறந்த தேதியை எழுதியது யார்? தண்டனை யாருக்கு?

ஓர் ஆசிரியரின் பிறந்த தேதி பணிப்பதிவேட்டில் தவறாக இருக்கிறது. திருத்தித் தாருங்கள் என்று மனுப் போடுகிறார். காலம் கடந்துவிட்டது என்று மனு திரும்பி வருகிறது. பதிவேட்டில் கண்ட தேதிப்படி வேலையை விட்டு இறங்குகிறார். இது வாத்தியார்கள் விவகாரம், ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இதில் என்ன வந்தது என்று சிலர் கேட்கலாம். நிறைய வந்திருக்கிறது என்கிறோம் நாம்.

தேதி எப்படித் தவறாகிறது என்பதை முதலில் பார்ப்போம். மீன்சுருட்டி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். இன்று அது அரியலூர் மாவட்டம். 1960-களில் திருச்சி மாவட்டம், உடையார்பாளையம் தாலுகா. ஒரு பக்கம் கொள்ளிடம், ஒரு பக்கம் கங்கைகொண்ட சோழபுரம், மேட்டில் முந்திரிக் காடு. 1956-ல் காமராஜ் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. அதற்குப் பிறகு இத்தகைய வட்டாரங்களில் கூலி வீட்டுப் பிள்ளைகள் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடத்தில் கால் வைத்தார்கள்.

பண்ணையார் வீட்டுப் பிள்ளைக்கு ஜாதகம் இருந்தது. நாள், நட்சத்திரம், நாழிகை எல்லாம் அதில் இருந்தன. பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கு என்ன இருந்தது? வெள்ளம் வந்த வருஷம், நடவு முடிந்த சமயம், முந்திரி பூத்த மாசம் என்று தாய் சொன்ன கணக்குத்தான் இருந்தது. பிள்ளையின் கையைத் தலைக்கு மேலே வளைத்து எதிர்ப்பக்கத்துக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். தொட்டால் ஐந்து வயது. பள்ளி திறப்பது ஜூன் மாதம். ஆகவே ஐந்து வருஷம் பின்னால் எண்ணி, மே மாதத்திலோ ஜூன் முதல் தேதியிலோ ஒரு நாளை எழுதினார். நாலு வயதுப் பிள்ளை கொஞ்சம் உயரமாக இருந்தால் அதுவும் ஐந்து வயதுப் பிள்ளையாயிற்று. அந்த வாத்தியாரை நாம் குறை சொல்ல மாட்டோம். அன்று அவர் அப்படி எழுதிச் சேர்த்திராவிட்டால் அந்தப் பிள்ளை மாடு மேய்க்கத்தான் போயிருக்கும்.

கிராமத்துப் பிறப்புப் பதிவேடு இல்லையா என்று கேட்பார்கள். இருந்தது. கிராம முன்சீப் எழுதி வைத்தார். பல இடங்களில் பிள்ளையின் பெயரே அதில் இராது. இன்னாருக்கு ஆண் குழந்தை என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அந்த ஆண் குழந்தை நீர்தானா, உம் அண்ணனா, தம்பியா என்று ஐம்பது வருஷம் கழித்து அதிகாரி கேட்டால் என்ன பதில் சொல்வது? எழுதிய கிராம முன்சீப்பின் பதவியையே 1980-ல் ஒழித்துவிட்டார்கள்.

சரி, ஒரு நாள் இரண்டு நாள் முன்பின் இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைப்பவர்கள் 2020-ஐ நினைத்துப் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் அதுவரை ஓய்வு வயது 58. 2020 மே மாதம் அதை 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். வயது நிறைந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு என்பது விதி. முதல் தேதியில் பிறந்தவருக்கு மட்டும் முந்தின மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு. ஆகவே 1962 மே 1-ல் பிறந்ததாகப் பதிவான ஆசிரியர் 2020 ஏப்ரல் 30-ல் வீட்டுக்குப் போனார். மே 2-ல் பிறந்ததாகப் பதிவானவர் இரண்டு உத்தரவுகளின் பலனையும் பெற்று 2022 மே 31 வரை வேலை பார்த்தார். ஒரே நாள் வித்தியாசம், இரண்டு வருஷத்துக்கு மேல் சம்பளம்! மே தினத்தன்று பிறந்ததாக எழுதப்பட்ட ஆசிரியருக்கு இந்தச் சட்டம் கொடுத்த பரிசு அது. அந்தத் தேதியும் காதைத் தொட்டு எழுதிய தேதியாக இருந்தால் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இனிச் சட்டத்துக்கு வருவோம். வேலையில் சேர்ந்து ஐந்து வருஷத்துக்குள் மனுச் செய்தால்தான் பிறந்த தேதித் திருத்தம் பரிசீலிக்கப்படும் என்பது தமிழ்நாட்டுப் பணி விதி. மத்திய சர்க்காரும் 1979 முதல் இதே கெடுவை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு உள்துறை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1993-ல் சுப்ரீம் கோர்ட் இதற்கு ஒரு காரணம் சொன்னது. ஒருவரின் தேதியைக் கடைசி நேரத்தில் மாற்றினால், அவருக்குக் கீழே பதவி உயர்வுக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் எல்லோரும் பாதிக்கப்படுவார்கள் என்பது அந்தக் காரணம்.

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை நாம் மறைக்கப் போவதில்லை. முப்பது வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஓய்வு நெருங்கும்போது புதுச் சான்றிதழோடு வருகிறவர்கள் உண்டு. அந்த நாற்காலிக்காகக் காத்திருப்பவரும் ஓர் ஊழியர்தான். வேலைக்காகக் காத்திருப்பவர் நம் வீட்டுப் பிள்ளைதான். மோசடிக்குக் கதவு திறக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை.

ஆனால் கெடுவை ஊழியர் தலையில் மட்டும் கட்டுவது என்ன நியாயம்? வருஷத்துக்கு ஒரு முறை பணிப்பதிவேட்டை ஊழியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சர்க்கார் விதிகளிலேயே இருக்கிறது. எத்தனை ஆபீஸ்களில் அது ஒழுங்காக நடக்கிறது? முதல் ஐந்து வருஷத்தில் புது ஆசிரியர் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, ஊர் மாற்றம் கிடைக்குமா என்று அலைவாரா, ரிக்கார்டைத் தேடிப் போவாரா? சர்க்கார் தன் கடமையைத் தவறவிட்டால் தண்டனை இல்லை. ஊழியர் கெடுவைத் தவறவிட்டால் மன்னிப்பு இல்லை!

ஏழைக்குத்தான் இந்தக் குழப்பம் என்றும் எண்ண வேண்டாம். இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி. கே. சிங்கின் ரிக்கார்டில், ஓரிடத்தில் 1950 மே 10 என்றும் இன்னோரிடத்தில் 1951 மே 10 என்றும் இருந்தது. 2012 ஜனவரியில் அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பிப்ரவரியில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மே 31-ல் ஓய்வு பெற்றார். ராணுவத் தளபதியின் ரிக்கார்டே இப்படி இருந்தால் கூலிக்காரன் மகனின் ரிக்கார்டு எப்படி இருக்கும்?

நேர்மையான வழி ஒன்று உண்டு. அதைக் காட்டியிருப்பது ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் வழக்கு. பாரத் கோக்கிங் கோல் கம்பெனியில் 1973-ல் சேர்ந்தவர் அவர். 1987-ல், தொழிற்சங்கங்களோடு செய்துகொண்ட ஊதிய ஒப்பந்தத்தை ஒட்டி, ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவரவர் பணிக்குறிப்பின் நகல் தரப்பட்டது. தவறு இருந்தால் சொல்லலாம் என்று வாய்ப்பும் தரப்பட்டது. அவர் பார்த்தார், பிறந்த தேதி தவறு என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி திருத்தவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2014-ல் தொழிலாளி பக்கம் தீர்ப்பாயிற்று. காரணம் என்ன? ரிக்கார்டைக் கண்ணால் பார்த்தார், பார்த்ததும் கேட்டார். காட்டினால்தானே கேட்க முடியும்?

தோழர்களே, இப்போது நம் கணக்கைப் பார்ப்போம். ஆலைத் தொழிலாளிக்குப் பி.எப். பென்ஷன் 58 வயதில். விவசாயத் தொழிலாளிக்கு முதியோர் உதவித்தொகை 60 வயதில். வயதுக்கு அத்தாட்சி என்ன? நம்மில் அநேகர் ஆதார் கார்டைத்தான் நீட்டுகிறோம். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு உத்தேச வயதைக் கேட்டு, ஜனவரி 1 என்று தேதி விழுந்த கார்டுகள் ஏராளம். பிறந்த தேதிக்கு ஆதாரை அத்தாட்சியாக ஏற்க முடியாது என்று பி.எப். நிறுவனம் 2024 ஜனவரியில் அறிவித்தது. வயதைத் தீர்மானிக்க ஆதார் போதாது, பள்ளிச் சான்றிதழே மேல் என்று சுப்ரீம் கோர்ட்டும் 2024 அக்டோபரில் சொன்னது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத நடவுக்காரி எந்தச் சான்றிதழைக் கொண்டுவருவாள்? வாத்தியாருக்காவது தவறான காகிதம் ஒன்று இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை!

2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் அத்தாட்சி என்று சட்டம் வந்துவிட்டது. நல்லது. அதற்கு முன் பிறந்து இன்று உழைத்துக்கொண்டிருப்பவர்களின் கதி என்ன?

ஆகவே நாம் கேட்பது இவை. வேலையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும், ஆசிரியரானாலும் துப்புரவுப் பணியாளரானாலும், ஒரு வருஷத்துக்குள் பணிப்பதிவேட்டின் நகலைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்படிக் கொடுத்த நாளிலிருந்துதான் ஐந்து வருஷக் கெடு ஓட வேண்டும். கெடுவுக்குள் வந்த மனுவை ஆறு மாதத்தில் முடிவு செய்ய வேண்டும். ஆலைகளிலும் இதே முறை வர வேண்டும். காகிதமே இல்லாதவர்களுக்குத் தாலுகா ஆபீஸில் வயது விசாரணையை அலைக்கழிக்காமல், செலவில்லாமல் நடத்த வேண்டும்.

சர்க்கார் செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே ஒவ்வொருவரும் பி.எப். கணக்கு, ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதி பொருந்தவில்லையென்றால் இன்றே மனு எழுதுங்கள். மனுவைக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். படிக்கத் தெரியாத தோழருக்குப் படித்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு சங்கக் கிளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கட்டும். ஓய்வு பெறும் நாளன்று ஓடுவதைவிட இன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது மேல்.