சோலார் வந்துடுச்சு, சுரங்கம் போகலையே

என்.எல்.சி.கிட்ட இப்போ ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல சோலார் இருக்கு. பெரும்பாலும் விருதுநகர், தூத்துக்குடி பக்கம். நல்ல விஷயம்தான். ஆனா 2023 ஜூலையில அதே கம்பெனியோட பொக்லைன் வண்டிங்கதான், சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில, பச்சையா நின்ன நெல்லு மேல ஏறிச்சு. இரண்டாவது சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பி விடணுமாம். நிலம் எப்பவோ எடுத்தாச்சுன்னாங்க. சரி, அறுப்பு முடியற வரைக்கும் பொறுக்கக் கூடாதா? உயர் நீதிமன்றமும் அதைத்தான் கேட்டுச்சு.

சோலார் கூடினா சுரங்கம் குறையணும் இல்லையா? குறையாது. வருஷா வருஷம் புதுசா மாட்டுற ஏசிக்கே அந்த கரண்டு சரியா போயிடுது. அதுவுமில்லாம, ஊரெல்லாம் ஏசி போடுறது ராத்திரி. சூரியன் ஆறரைக்கே வீட்டுக்குப் போயிடும். அப்புறம் விடியிற வரைக்கும் பெரும்பாலும் கரிதான் எரியணும்.

இன்னொரு கூத்து கேளுங்க. பழுப்பு நிலக்கரிக்கு அடியில தண்ணி அழுத்தத்தோட நிக்குது. ராவும் பகலும் இறைச்சுக் கொட்டினாத்தான் சுரங்கம் தோண்ட முடியும். ஒரு காலத்துல இந்தப் பக்கம் போர் போட்டா மோட்டார் இல்லாமலே தண்ணி பீறிட்டு வரும். இப்போ ஆழத்துல சப்மெர்சிபிள் இறக்கி, கரண்டுல இழுக்கிறோம். தண்ணியை இறைச்சு எடுத்த கரியில வந்த கரண்டு, அதே தண்ணியை மேல கொண்டுவரப் போகுது!

எங்க ஆளுங்களையும் சொல்லணும். 1990-லேர்ந்து விவசாயத்துக்கு இலவச மின்சாரம். அதை எடுக்கணும்னு சொல்றவன் நான் இல்லை, அது இல்லாட்டி சம்பாவே கிடையாது. ஆனா ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிட்டு வீட்டுல படுத்துக்கிறது, தண்ணி வரப்பைத் தாண்டி வாய்க்கால்ல ஓடுறது, இதுக்கு என்ன பேரு?

சென்னையில இருந்து படிக்கிறவங்களுக்கு ஒண்ணு. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், புது பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். ஏசியை 18-ல வச்சுட்டுப் போர்வை போத்துறதை விட்டா இன்னும் மிச்சம். சோலார்தான் இருக்கேன்னு சொல்லாதீங்க. ஒரு மெகாவாட்டுக்கு நாலஞ்சு ஏக்கர் வேணும், அதுவும் யாரோட கொல்லையோதான். உங்க மொட்டை மாடியில போடுங்க, கும்பிடுறேன்.

சேத்தியாத்தோப்பு கிழக்கு நிலக்கரி வட்டாரத்தை 2023 ஏப்ரல்ல ஏலப் பட்டியல்லேர்ந்து எடுத்தாங்க. கரண்டு தேவை இப்படியே ஏறினா, அது எத்தனை நாளைக்கு வெளியில இருக்கும்?