எல்.எஃப்.டி. தாளில் இல்லாத எண்

கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை என்று பெயர் பெற்றிருந்தாலும், எல்.எஃப்.டி. தாளில் உள்ள பெரும்பாலான எண்கள் செயல்பாட்டை அளப்பவை அல்ல. எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் சிதைந்த செல்லிலிருந்து கசிந்த நொதிகள். அல்கலைன் பாஸ்பட்டேஸும் ஜி.ஜி.டி.யும் பித்த ஓட்டத் தடையைக் காட்டுபவை. கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை பிலிருபின், அல்புமின், புரோத்ராம்பின் நேரம் ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிட முடியும். இவற்றுள் கடைசியானது பல ஆய்வகங்களின் தாளில் இடம்பெறுவதே இல்லை. தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

முடிவு கைக்கு வந்ததும் முதல் வேலை, பாதிப்பின் வகையைப் பிரிப்பது. எஸ்.ஜி.பி.டி. 400 (வரம்பு 40), அல்கலைன் பாஸ்பட்டேஸ் 240 (வரம்பு 120) என்றால் முன்னது 10 மடங்கு, பின்னது 2 மடங்கு. வகுத்தால் ஆர் மதிப்பு 5. ஆர் 5-ம் அதற்கு மேலும் செல் சிதைவு, 2-ம் அதற்குக் கீழும் பித்தத்தேக்கம், இடைப்பட்டது கலப்பு வகை. பித்தத்தேக்கம் என்றால் அல்ட்ராசவுண்டுதான் அடுத்த படி. பித்தநாளம் விரிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே மேற்கொண்டு செல்லும் வழி பிரிகிறது.

உயர்ந்த எண் கல்லீரலிலிருந்து வந்ததுதானா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். வளரும் சிறுவனுக்கும் கடைசி மும்மாதக் கர்ப்பிணிக்கும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் இயல்பாகவே உயரும். எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் உயர்ந்திருந்தால் சி.பி.கே. பார்த்துத் தசையை விலக்கலாம். மறைமுக பிலிருபின் மட்டும் 2 அல்லது 3, ஹீமோகுளோபினும் ரெட்டிகுலோசைட்டும் மற்ற எண்களும் இயல்பு என்றால் அது கில்பர்ட். விரத நாளில் இன்னும் கொஞ்சம் ஏறும். இது நோயல்ல என்று தெளிவாகச் சொல்லி அனுப்பாவிட்டால் அந்த இளைஞர் ஆண்டுக்கணக்கில் பத்தியமும் கீழாநெல்லியுமாக அலைவார்.

ஆயிரங்களில் நிற்கும் எஸ்.ஜி.பி.டி.க்குக் காரணங்கள் சிலவே: ஏ, பி, ஈ வைரஸ்கள், மருந்து அல்லது நச்சு, ரத்த ஓட்டக் குறைவு, சில வேளை பித்தநாளத்தில் நகரும் கல். மது மட்டும் இந்த அளவுக்கு ஏற்றாது, அதில் எஸ்.ஜி.ஓ.டி. இரு மடங்கு மேலோங்கினாலும் 300, 400-ஐத் தாண்டுவது அரிது. எலி பேஸ்ட்டில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸை உட்கொண்டவருக்கு முதல் நாள் முடிவு முழுக்க இயல்பாக இருக்கக்கூடும். அந்தத் தாளை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மூன்று நாளாவது, புரோத்ராம்பின் நேரத்திலிருந்து கணக்கிடும் ஐ.என்.ஆர். தினமும் பார்க்கப்பட வேண்டும்.

எண் இறங்கும்போதும் தவறு நேர்கிறது. திங்களன்று எஸ்.ஜி.பி.டி. 3,200; வியாழனன்று 700. உறவினர்கள் நிம்மதியடைகிறார்கள். அதே நாள்களில் பிலிருபின் 8-லிருந்து 17-க்கும், ஐ.என்.ஆர். 1.6-லிருந்து 3.1-க்கும் ஏறியிருக்கின்றன, நோயாளி பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருக்கிறார். கசிவதற்குச் செல் மீதமில்லாததால் நொதி குறைந்திருக்கிறது. அல்புமினின் அரை ஆயுள் சுமார் 3 வாரம் என்பதால் முதல் வாரத்தில் அது எதையும் காட்டிக்கொடுக்காது. ஏழாம் உறைகாரணியின் அரை ஆயுளோ சுமார் 6 மணி நேரம், அதனால்தான் ஐ.என்.ஆர். முந்திக்கொண்டு சொல்கிறது. வைட்டமின் கே குறைவாலும் அது உயரலாம். சிரைவழி 10 மி.கி. கொடுத்தும் 24 மணி நேரத்தில் இறங்காவிட்டால் குறை கல்லீரலில்தான். முன்பு கல்லீரல் நோய் இல்லாதவருக்கு ஐ.என்.ஆர். 1.5-ஐத் தொட்டு உணர்வும் மாறினால், மாற்று அறுவை மையத்தோடு அன்றே பேச வேண்டும்.

மருந்து வரலாற்றை இருமுறை கேட்பது நல்லது. கஷாயம், லேகியம், சீந்தில் பொடி ஆகியவற்றை நோயாளிகள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. சீந்திலுக்குப் பின் தன்னெதிர்ப்பு வகைக் கல்லீரல் அழற்சி இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. காசநோய் மாத்திரை எடுப்பவருக்கு எஸ்.ஜி.பி.டி. அறிகுறியுடன் 3 மடங்கு, அறிகுறியின்றி 5 மடங்கு என்பது நிறுத்தும் எல்லை. 3 மடங்கு எஸ்.ஜி.பி.டி.யோடு, பித்த அடைப்பின்றி பிலிருபினும் 2 மடங்கைத் தாண்டினால், ஹைமன் சிம்மர்மன் கவனித்தபடி, பத்தில் ஒருவர் அளவுக்கு இறப்பு நேரலாம்.

அறிகுறியில்லாத சிறு உயர்வே புறநோயாளிப் பிரிவில் அதிகம். ஹெபடைடிஸ் பி, சி, சர்க்கரை, கொழுப்பு, இளவயதினருக்குச் செருலோபிளாஸ்மின் ஆகியவற்றைப் பார்த்த பின் பெரும்பாலும் எஞ்சுவது கொழுப்புக் கல்லீரல். அல்ட்ராசவுண்டில் அந்தச் சொல் வந்ததும் கோப்பை மூடிவிடுவது பெருந்தவறு. தழும்பின் அளவு இன்னும் தெரியவில்லை. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, ஆயிரங்களில் எழுதிய தட்டணு எண்ணிக்கையாலும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் ஃபிப்-4. அது 1.3-க்குக் கீழ் (65 வயதுக்கு மேல் 2.0) என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேல் என்றால் அதிகம். வயது 52, எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 36, தட்டணு 1,40,000 உள்ள ஒருவருக்கு அது 2.97. நொதிகள் இரண்டும் 50-க்குள் இருக்கும் இவருக்கு ஃபைப்ரோஸ்கேன் தேவை. சிர்ரோசிஸ் உறுதியானால் எண்டோஸ்கோப்பியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும்.