எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

நோர்வூட்டில் எங்கள் தோட்டத்து மயானத்தில் அம்மாயியின் குழிக்கு அடையாளம் ஒரு கொய்யா மரம்தான். கல்லும் இல்லை, பெயரும் இல்லை. சாரகடி நினைவாலயங்களைப் பற்றி வாசித்தபோது அந்த மரமே நினைவுக்கு வந்தது.

1897 செப்டம்பர் 12 அன்று, இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கிலுள்ள சாரகடி காவலரணில், ஹவில்தார் ஈஷர் சிங் தலைமையில் 36ஆவது சீக்கியப் படைப்பிரிவின் 21 பேர் ஆயிரக்கணக்கான பழங்குடியினரை எதிர்த்து நின்று மடிந்தனர். பிரித்தானியா 21 பேருக்கும் வீர விருது வழங்கியது. அமிர்தசரஸிலும் பெரோஸ்பூரிலும் நினைவாலயங்கள் எழுந்தன. அத்தனை பெயர்களும் கல்லில் ஏறின.

அவர்களின் வீரத்தை நான் குறைக்கவில்லை. ஆனால், எதிரே நின்றவர்கள் தம் மண்ணுக்காகப் போராடியவர்கள். பேரரசு தனக்காகத் துப்பாக்கி ஏந்திச் செத்தவர்களை எண்ணியது. அதன் கோப்பித் தோட்டங்களுக்கு உழைக்க வந்து, மன்னார் – மாத்தளைப் பாதையில் வாந்திபேதியில் விழுந்த எம் முன்னோரை அப்படி எண்ணவில்லை.

வடக்கிலும் இதே கணக்குத்தான். வென்ற படைக்குத் தூபிகள் எழுந்தன. யாழ். பல்கலைக்கழகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியோ 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டது. மாணவரும் மக்களும் எதிர்த்து நின்றதால்தான் அது மீண்டும் எழுந்தது.

அதிகாரம் கல் நாட்டும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. முதியோர் நினைவிலுள்ள பெயர்களை இப்போதே எழுதிவைப்போம். நான் அம்மாயியின் பெயரிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.